கணுவிலிருந்து ஒரு நன்னாரித் தோட்டம்

நன்னாரியின் மணம் அதன் வேரில் இருக்கிறது. பென்சில் தடிமன்கூட இல்லாத, மண்ணுக்குள் வளைந்து நெளிந்து நீளமாக ஓடும் வேர். அதன் பழுப்புத் தோலை நகத்தால் லேசாகக் கீறினாலே வாசம் எழுந்துவிடும். உலர்ந்து ஓராண்டு கிடந்த வேரிலும் அது மிச்சமிருக்கும். பாபநாசம் மலையடிவாரத்தில், விக்கிரமசிங்கபுரத்தைச் சுற்றியுள்ள புதர்க்காடுகளிலும் பொத்தைகள் எனப்படும் செம்மண் குன்றுகளிலும் தோட்ட வேலிகளிலும் இந்தக் கொடி இயல்பாகப் படரக்கூடியது. குறுகிய இலை, நடுநரம்பை ஒட்டி ஒரு வெள்ளைக் கீற்று, கிள்ளினால் பால். பார்வைக்கு எளிய கொடி. தெரியாதவர்கள் களை என்று பிடுங்கி எறிந்துவிடுவார்கள். தெரிந்தவர்கள் வேரோடு தோண்டுவார்கள்.

திருநெல்வேலிச் சீமையில் கோடைக்கு நன்னாரி சர்பத் இல்லாத கடைத்தெரு கிடையாது. எலுமிச்சையைப் பிழிந்து, நன்னாரிப் பாகை ஊற்றிக் கலக்கித் தரும் அந்தக் கண்ணாடித் தம்ளருக்குப் பின்னால் இருப்பது இந்த வேர். சித்த மருத்துவத்தில் உடற்சூட்டைத் தணிக்கவும், சிறுநீரைப் பெருக்கவும், தோல் நோய்களுக்கான மருந்துகளில் சேர்க்கவும் இது பயன்படுகிறது. ஆயுர்வேதத்தில் இதன் பெயர் சாரிவா, அனந்தமூலம். ஆக, சர்பத்காரரும் சித்த வைத்தியரும் ஆயுர்வேத மருந்துக் கம்பெனியும் ஒரே வேரைத்தான் தேடுகிறார்கள். சந்தைக்கு வரும் நன்னாரியில் பெரும்பகுதி தோட்டத்தில் விளைந்தது அல்ல. காட்டிலும் தரிசிலும் தோண்டி எடுக்கப்பட்டது.

மணம் வேரில் இருப்பதுதான் இந்தச் செடிக்கு வந்த வினை. துளசியைக் கிள்ளினால் பக்கக்கிளை வெடிக்கும். மருக்கொழுந்தை அறுத்தால் மறுதழை வரும். நன்னாரியைப் பயன்படுத்த வேண்டுமானால் செடியின் ஆதாரத்தையே எடுத்தாக வேண்டும். தோண்டுகிறவர் ஒரு துண்டை மண்ணில் விட்டுவைத்தால் அது மறுபடி தளிர்க்கக்கூடும். ஆனால் எடைக்குக் காசு வாங்குகிறவருக்கு அந்தத் துண்டும் காசுதான்.

விக்கிரமசிங்கபுரத்துக்கு மேற்கே, பாபநாசம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம். 1962-இல் அறிவிக்கப்பட்ட முண்டந்துறை சரணாலயமும் 1976-இல் அறிவிக்கப்பட்ட களக்காடு சரணாலயமும் 1988-இல் இணைந்து உருவானது இது. உள்ளே வேர் தோண்ட முடியாது, தோண்டவும் கூடாது. அதனால் சந்தையின் கண் காப்பகத்துக்கு வெளியே இருக்கும் பொத்தைகளின் மீதும் புறம்போக்குகளின் மீதும் விழுகிறது. அவற்றுக்குக் காவலும் இல்லை, கணக்கும் இல்லை. தேவை குறையப்போவதில்லை என்னும்போது, நன்னாரியைப் பயிராக்குவதே வழி. பயிராக்க வேண்டுமானால் முதலில் நாற்று வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நன்னாரி இரட்டைக் காய் காய்க்கும். காய் வெடித்தால் பட்டுப் போன்ற மயிர்க்குஞ்சத்தோடு விதைகள் காற்றில் பறந்துவிடும். காய்ப்பதே குறைவு, கிடைக்கும் விதையிலும் முளைப்புத்திறன் நெடுநாள் நிற்பதில்லை. தண்டை வெட்டி நட்டால் சரியாக வேர் பிடிப்பதில்லை. வேர்த்துண்டை நட்டால் பிழைக்கும். ஆனால் காப்பாற்ற நினைக்கும் வேரையே நாற்றுக்காகத் தோண்டுவதில் பொருள் இல்லை. ஒரு ஏக்கருக்குத் தேவையான ஆயிரக்கணக்கான கன்றுகளை இந்த மூன்று வழிகளிலும் திரட்டுவது பெரும்பாடு. திசு வளர்ப்பு இந்த இடத்தில்தான் பேச்சுக்கு வருகிறது. அதன் சாவி, வளர்ச்சி ஊக்கிகள் என்று அழைக்கப்படும் தாவர ஹார்மோன்கள்.

ஊக்கி என்ற சொல் கொஞ்சம் தவறான எண்ணத்தை ஏற்படுத்துகிறது. உரக்கடையில் பாட்டிலில் விற்கும் டானிக் போல, கூடுதலாக ஊற்றினால் கூடுதலாக வளரும் என்று தோன்றச் செய்கிறது. ஹார்மோன் உணவு ஆகாது, அது செய்தி. செடிக்கு நரம்பு மண்டலம் கிடையாது. நுனிக்குருத்து அடியிலிருக்கும் மொட்டைத் தூங்கவைப்பதும், வேர்முனை தண்டுக்குச் சேதி அனுப்புவதும் இந்த நுண்ணளவு வேதிப்பொருள்கள் மூலம்தான். கொடியின் நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் தளிர் வெடிக்கும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த செய்தி. கிள்ளும்போது நடப்பது, நுனியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஆக்சின் நின்றுபோவது. தடை நீங்கியதும், உறங்கிக் கிடந்த இலைக்கோண மொட்டு கண் விழிக்கிறது.

இதைக் கண்டறிய நெடுங்காலம் பிடித்தது. சார்லஸ் டார்வின் தன் மகன் பிரான்சிஸின் துணையோடு 1880-இல் வெளியிட்ட நூலில், புல் நாற்றின் நுனியை மூடிவிட்டால் அது ஒளிப்பக்கம் வளைவதில்லை என்று காட்டினார். நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே இறங்குகிறது என்பது அதிலிருந்து புரிந்தது. அந்த ஏதோ ஒன்றை 1920-களின் பிற்பாதியில் ஹாலந்தின் ஃபிரிட்ஸ் வெண்ட் பிடித்தார்: ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி அகார் துண்டின்மேல் வைத்தார், பிறகு அந்த அகாரை மட்டும் நுனியற்ற முளையின் ஒரு பக்கத்தில் வைக்க, முளை வளைந்தது. ஆக்சின் அப்படி வெளிப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில், நெல் வயலில் நாற்றுகள் வெளிறி, தாறுமாறாக நெட்டையாக வளர்ந்து சாயும் நோயை ஆராய்ந்த ஜப்பானியரான குரோசவா, அதற்குக் காரணமான பூஞ்சை சுரக்கும் பொருள்தான் அந்த வளர்ச்சியை உண்டாக்குகிறது என்றார். ஜிப்ரலின் என்ற பெயர் அந்தப் பூஞ்சையின் பெயரிலிருந்து வந்தது.

மூன்றாவது பெரிய செய்தி தேங்காயிலிருந்து கிடைத்தது. 1941-இல் வான் ஓவர்பீக் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், கண்ணாடிக் கலத்தில் வளராமல் அடம்பிடித்த ஊமத்தைக் கருவைத் தேங்காய்த் தண்ணீர் சேர்த்து வளர்த்துக் காட்டினார்கள். செல்லைப் பகுபடச் செய்யும் ஏதோ ஒன்று அதில் இருந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்கூக், மில்லர் ஆகியோரின் குழு 1955-இல் அதே வேலையைச் செய்யும் ஒரு பொருளை, ஆட்டோகிளேவில் வேகவைத்த ஹெர்ரிங் மீன் விந்தின் டி.என்.ஏ.விலிருந்து பிரித்தெடுத்து, கைனெட்டின் என்று பெயரிட்டது. சைட்டோகைனின் குடும்பத்தின் முதல் உறுப்பினர் அது. தேங்காய்த் தண்ணீரிலும் சைட்டோகைனின்கள் இருப்பது பின்னாளில் உறுதியானது. தமிழ்நாட்டு இயற்கை உழவர்கள் தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்துத் தெளிக்கும் தேமோர் கரைசல் இங்கே நினைவுக்கு வருகிறது. அவர்கள் கண்ட பலனுக்கு எந்தப் பொருள் எவ்வளவு காரணம் என்பது தனியாக அளந்து பார்க்க வேண்டிய விஷயம். ஆனால் தேங்காயில் வளர்ச்சிக்கான செய்தி ஒளிந்திருக்கிறது என்ற ஊகத்தில் பிழையில்லை.

1957-இல் ஸ்கூக்கும் மில்லரும் சொன்னதுதான் இன்றுவரை திசு வளர்ப்பின் இலக்கணம். புகையிலைத் தண்டின் உட்சோற்றை வைத்து அவர்கள் காட்டியது இது: ஆக்சினைவிடச் சைட்டோகைனின் ஓங்கினால் தளிர், ஆக்சின் ஓங்கினால் வேர், இரண்டும் ஒத்துப்போனால் உருவமற்ற திசுக் கட்டி. அந்தக் கட்டியைக் காலஸ் என்பார்கள். விகிதம்தான் செடியின் விதியைத் தீர்மானிக்கிறது. 1962-இல் முராஷிகேயும் ஸ்கூக்கும் உருவாக்கிய ஊட்டக் கலவை, எம்.எஸ். ஊடகம் என்ற பெயரில் உலகமெங்கும் உள்ள ஆய்வகங்களின் அன்றாடச் சோறாகிவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்திலும் அதே கலவைதான், மைசூரிலும் அதே கலவைதான்.

நன்னாரியில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நோயில்லாத தாய்க்கொடியின் இளந்தண்டிலிருந்து ஒரு கணு வெட்டப்படுகிறது. ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். வெட்டிய இடத்தில் பால் கசியும். அந்தப் பாலும் தாவரத்தின் பீனால் பொருள்களும் காற்றுப் பட்டுக் கறுத்து, திசுவையே நஞ்சாக்கிவிடும் என்பதால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். ஊடகத்தில் அஸ்கார்பிக் அமிலமோ கரித்தூளோ சேர்ப்பதும் உண்டு. பிறகு சோப்புக் கரைசல், அதன்பின் மிக நீர்த்த மெர்குரிக் குளோரைடில் சில நிமிடங்கள், கடைசியில் கிருமிநீக்கிய தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசல். ஒரு நிமிடம் குறைந்தால் பூஞ்சை பிழைக்கும். ஒரு நிமிடம் கூடினால் மொட்டு சாகும். மழைக்காலத்தில் வெட்டிய கணுவில் பூஞ்சைத் தொல்லை அதிகம் என்பதால், தாய்ச்செடியை மழை படாத நிழல்குடிலில் வளர்ப்பது பாதி வெற்றி.

கணு போய் உட்காரும் பாட்டில், பல ஆய்வகங்களில் ஜாம் பாட்டில்தான். அதில் எம்.எஸ். உப்புகள், லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, இறுகுவதற்கு 8 கிராம் அளவில் அகார். அமிலத்தன்மை 5.8-க்குச் சரிசெய்து, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் கால் மணி நேரம். ஹார்மோன் எவ்வளவு? பென்சைல் அடினின் என்ற சைட்டோகைனின் லிட்டருக்கு அரை முதல் இரண்டு மில்லிகிராம், கூடவே என்.ஏ.ஏ. என்ற ஆக்சின் அதிலும் ஒரு சிறு பங்கு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கிராம் பென்சைல் அடினின் வாங்கினால் ஆயிரம் லிட்டர் ஊடகம் கலக்கலாம். ஒரு சிறிய ஆய்வகம் ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடும். இத்தனை நுண்ணளவு என்பதால் தராசில் ஒரு கைத்தவறு முழுத் தொகுதியையும் கெடுத்துவிடும். பென்சைல் அடினின் தண்ணீரில் எளிதில் கரையாது. சில சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்த பிறகே தண்ணீர் சேர்க்க வேண்டும். செடி தானே உற்பத்தி செய்யும் இண்டோல் அசிட்டிக் அமிலம் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் சிதையக்கூடியது. அவ்வளவு எளிதில் சிதையாத ஆக்சின்களான என்.ஏ.ஏ., ஐ.பி.ஏ. இரண்டையும் ஆய்வகங்கள் நாடுவது அதனால்தான். மிளகாயில் பூ உதிராமலிருக்க உழவர்கள் தெளிக்கும் பிளானோபிக்ஸ் மருந்தில் இருப்பதும் இந்த என்.ஏ.ஏ.தான், ஆய்வகப் பொருள் வயலுக்கு அந்நியமானது அல்ல.

இரண்டு வாரத்துக்குள் இலைக்கோணத்தில் பச்சை தெரியும். நான்கைந்து வாரத்தில் தளிர்கள் நீண்டிருக்கும். அவற்றைக் கணுக்கணுவாக வெட்டிப் புதிய பாட்டில்களில் வைத்தால் அடுத்த சுற்று. ஒரு கணு நான்காகப் பெருகினால் ஆறு சுற்றில் 4,096 ஆகும் என்று கணக்கு சொல்கிறது. இது காகிதக் கணக்கு. பூஞ்சை விழுந்த பாட்டில், கறுத்துப்போன துண்டு, வேர் விடாத தளிர், வெளியே வந்ததும் வாடிய கன்று எல்லாம் கழித்தால் கையில் நிற்பது அதில் ஒரு பகுதிதான். ஆனாலும் ஒரு கொடியைக்கூடத் தோண்டாமல், ஒரே ஒரு கணுவைக் கிள்ளி, ஓராண்டுக்குள் நூற்றுக்கணக்கான கன்றுகள் என்பது சின்ன விஷயம் இல்லை. கடைசிக் கட்டத்தில் செய்தி மாறுகிறது: சைட்டோகைனின் நிறுத்தப்பட்டு, பாதி வலுவுள்ள எம்.எஸ். ஊடகத்தில் ஐ.பி.ஏ. மட்டும் சேர்க்கப்படுகிறது. தளிரின் அடியில் வெள்ளையாக வேர் முளைக்கிறது.

நன்னாரியை இப்படிக் கோண மொட்டிலிருந்து பெருக்கும் முறையை ஒடிசாவைச் சேர்ந்த பட்நாயக், தேபட்டா ஆகியோர் 1996-இல் வெளியிட்டனர். 2000-இல், பாபநாசத்துக்கு மேலே நிற்கும் அகத்தியமலையின் மறுசரிவில், திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்தின் எஸ்.ஸ்ரீகுமார், எஸ்.சீனி, பி.புஷ்பாங்கதன் மூவரும், நாற்றுப் பெருக்கத்தோடு வேரின் மணப்பொருளையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். அந்தப் பொருளின் பெயர் 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சிபென்சால்டிஹைடு. வாயில் நுழையாத பெயர். ஆனால் மூக்குக்குப் பழக்கமானது. வெனிலா மணத்தைத் தரும் வெனிலினில் உள்ள அதே அணுக்கள், அதே எண்ணிக்கையில். அடுக்கப்பட்ட இடம் மட்டும் வேறு. நன்னாரி சர்பத்தில் வெனிலாவின் சாயல் தட்டுவதற்குக் காரணம் இந்த வேதியியல் உறவுதான்.

அதே மணப்பொருளை வேரில் வைத்திருக்கும் இரண்டு உறவுக்காரச் செடிகள் உண்டு. ஒன்று, ஊறுகாய்க்குப் பெயர்போன மாகாளிக் கிழங்கு. தென்னிந்தியப் பாறைச் சரிவுகளுக்கே உரிய இது, பெருநன்னாரி என்ற பெயரில் நன்னாரிக்கு மாற்றாகவும் விற்கப்படுகிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இதன் திசு வளர்ப்பில் தொடர்ந்து உழைத்திருக்கிறது. இன்னொன்று அகத்தியமலைக்கே சொந்தமானது. அந்த மலையின் பழங்குடியினரான காணிகள் அமிர்தபாலா என்று அழைக்கும் அரிய செடி. 1978-இல் ஜோசப்பும் சந்திரசேகரனும் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியபோது, தாவரவியலாளர் ஜானகி அம்மாளைச் சிறப்பிக்கும் வகையில் ஜானகியா என்ற பேரினப் பெயரைச் சூட்டினார்கள். பின்னாளில் அது மாகாளிக் கிழங்கின் பேரினத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. அந்த அம்மையாரின் பெயர் அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து நழுவியதில் வருத்தம் உண்டு. மலையின் உச்சிப் பாறைகளில் சொற்பமாக எஞ்சியிருக்கும் இந்தச் செடியையும் பாலோட்டு ஆய்வாளர்கள் திசு வளர்ப்பில் பெருக்கி, திரும்பக் காட்டில் நட்டிருக்கிறார்கள். 2005-இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. அழியும் நிலையிலுள்ள தாவரத்துக்கு இந்தத் தொழில்நுட்பம் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் இதுவே.

ஹார்மோனின் ஆற்றல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அபாயமும் இருக்கிறது. எண்ணிக்கையைக் கூட்டும் ஆசையில் சைட்டோகைனினை ஏற்றிக்கொண்டே போனால், தளிர்கள் கொத்துக்கொத்தாக வரும். ஆனால் நீளாமல் குட்டையாக, கண்ணாடி போல நீர்கோத்து, தொட்டால் ஒடியும் பண்டமாக நிற்கும். பாட்டிலுக்கு வெளியே அவை பிழைப்பதில்லை. தைடயசூரான் என்ற பொருள் இதில் தனி ரகம். பருத்தியில் அறுவடைக்கு முன் இலையை உதிர்ப்பதற்காக 1970-களில் உருவாக்கப்பட்டது. சைட்டோகைனினாக அதன் வேகம் அபாரம் என்று பிறகுதான் தெரியவந்தது. அடம்பிடிக்கும் மரத் தாவரங்களுக்கு அது வரப்பிரசாதம். நன்னாரி போன்ற கொடிக்கு அத்தனை கடுமை தேவையில்லை. மூடிய பாட்டிலில் தேங்கும் எத்திலீன் இன்னொரு தொல்லை. குழியில் வாழைத்தாரை அடுக்கிப் புகைமூட்டம் போட்டுப் பழுக்கவைப்பவர்கள் தெரிந்தோ தெரியாமலோ பயன்படுத்துவது இந்த வாயுவைத்தான். பாட்டிலுக்குள் அது இலைகளை மஞ்சளாக்கி உதிர்த்துவிடும். காற்று ஊடாடும் மூடி அதற்குத் தீர்வு.

இவற்றையெல்லாம்விட ஆழமான சிக்கல் காலஸ். 2,4-டி வயலில் களைக்கொல்லி. ஊடகத்தில் நுண்ணளவில் சேர்த்தால் திசுவைக் கட்டுக்கடங்காமல் பெருகவைக்கும் ஆக்சின். காலஸிலிருந்து தளிர் வரவழைத்தால் எண்ணிக்கை மளமளவென்று கூடும். ஆனால் உருவமற்ற நிலையில் நெடுநாள் இருந்த செல்களில் மரபுப் பிறழ்ச்சிகள் நேரும். பிறந்த கன்று தாயைப் போலிருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மணப்பயிரில் இது பெரும் ஆபத்து; இலை, தண்டு எல்லாம் ஒன்றுபோல் இருந்து, வேரில் மணம் மட்டும் குறைந்திருந்தால் தோண்டும் நாள்வரை உழவருக்குத் தெரியாது. ஆகவே நடவுக்கான நன்னாரி கோண மொட்டு வழியாகத்தான் வர வேண்டும். காலஸ் வழி ஆய்வுக்கு மட்டும் என்று வரையறுப்பதே முறை. திசு வாழையில் குறிப்பிட்ட சுழற்சிகளுக்கு மேல் துணைவளர்ப்புச் செய்யக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 முதல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்றளிக்கும் ஏற்பாட்டையும் வைத்திருக்கிறது. மூலிகைக் கன்றுகளிலும் அதே கண்டிப்பு வேண்டும்.

அதோடு மணத்தையும் அளக்க வேண்டும். ஆய்வகக் கன்றின் வேர் விதைக்கன்றின் வேரைப் போல் ஆணிவேராக இறங்குவதில்லை. தண்டின் அடியிலிருந்து பக்கவாட்டில் கிளம்புகிறது. மணப்பொருள் வேரின் வயதையும் மண்ணையும் பொறுத்து மாறுகிறது. புதினா, துளசிக் குடும்பத்துச் செடிகளில் சைட்டோகைனின் இலை எண்ணெயின் அளவையும் கலவையையும் மாற்றுவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. வேர் மணத்தில் அப்படி நடக்காது என்று எண்ணிக்கொண்டு லட்சக்கணக்கில் கன்றுகளை விற்பது நியாயமாகாது. நடவு செய்த முதல் ஆண்டிலும் இரண்டாம் ஆண்டிலும் மாதிரி வேர்களை எடுத்து, கேஸ் குரோமட்டோகிராபியில் அளந்து, காட்டு நன்னாரியோடு ஒப்பிட்டு, அந்த எண்ணை உழவரிடம் சொல்ல வேண்டும். இந்த ஒரு சோதனை இல்லாத நன்னாரித் திட்டம் பாதித் திட்டம்தான்.

நகல் கன்றுகளின் இன்னொரு குறை, அவை நகல்கள் என்பதே. ஒரே தாயிலிருந்து வந்த பத்தாயிரம் கொடியும் ஒரே கொடிதான். ஒரு வேரழுகல் நோய்க்கு ஒன்று சாய்ந்தால் எல்லாம் சாயும். நன்னாரியில் அகன்ற இலை, குறுகிய இலை என்று கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகளே பல. கண்ணுக்குத் தெரியாதவை இன்னும் அதிகமாக இருக்கும். பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு, கடையம் என்று அடிவாரம் நெடுகப் பல இடங்களிலிருந்து, ஒவ்வொரு இடத்திலும் பல கொடிகளிலிருந்து கணு எடுத்து, எந்தக் கன்று எந்தத் தாயின் பிள்ளை என்று ஏட்டில் எழுதி, கலந்து நட வேண்டும். கணு எடுப்பதால் தாய்க்கொடி சாவதில்லை என்பதால் இது சாத்தியமே. கொஞ்சம் வேலை கூடும். அதைத் தவிர்க்கக் கூடாது.

எல்லா மணச்செடிக்கும் ஆய்வகம் தேவை என்று இதற்குப் பொருள் இல்லை. கற்பூரவள்ளியின் ஒரு கிளையை ஒடித்து மண்ணில் செருகினால் போதும். பத்து நாளில் வேர் பிடிக்கும். வெட்டிவேரைத் தூர் பிரித்து நடலாம். திருநீற்றுப்பச்சையும் துளசியும் விதை விழுந்த இடத்திலெல்லாம் முளைக்கும். இவற்றின் திசு வளர்ப்பு பற்றி ஆய்வுக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. மாணவர்கள் கை பழகுவதற்கு நல்லதுதான். பொதுப் பணத்தைச் செலவிட வேண்டியது வேருக்காகக் கொல்லப்படும் செடிகளுக்கும், விதையும் பதியமும் கைகொடுக்காத செடிகளுக்கும், அமிர்தபாலா போல அருகிப்போனவற்றுக்கும்தான்.

பாட்டிலிலிருந்து மண்ணுக்கு வரும் கட்டம்தான் பெரும்பாலான முயற்சிகள் சறுக்கும் இடம். பாட்டிலுக்குள் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய நூறு சதவீதம், சர்க்கரை வேரடியில், வெயில் கிடையாது. அப்படி வளர்ந்த இலையில் மெழுகுப் பூச்சு மெலிது, இலைத்துளைகள் ஒழுங்காக மூடத் தெரியாதவை. நேரே வெயிலில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும். வேரில் ஒட்டிய அகாரைத் தண்ணீரில் கழுவி, தென்னைநார்க் கழிவும் மணலும் கலந்த குழித்தட்டில் நட்டு, பிளாஸ்டிக் கூடாரத்தில் ஈரப்பதம் காத்து, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகத் திறந்து, பிறகு நிழல்வலைக்கு மாற்ற வேண்டும். நாற்றங்கால்காரர்கள் இதை ஹார்டனிங் என்பார்கள். இது பொறுமையின் வேலை. ஹார்மோனைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதும் ஆய்வறிக்கைகள் இந்தக் கட்டத்தை இரண்டு வரியில் முடித்துவிடுவதைப் பார்க்கும்போது ஆதங்கமாகத்தான் இருக்கிறது.

இந்தக் கட்டத்துக்கு விக்கிரமசிங்கபுரம் பகுதி பொருத்தமான இடம். ஆற்றுநீர் பக்கத்தில். ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்கும் சாரலின் ஈரம் காற்றில் இருக்கும். அப்போது கன்றுகளைப் பாட்டிலிலிருந்து வெளியே எடுத்தால் ஐப்பசி மழைக்குள் வயலுக்குத் தயாராகிவிடும். வாழையும் நெல்லும் பார்த்த உழவர்களுக்குக் குழித்தட்டு நாற்று புதிதல்ல. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவியின் நீர்விசையை நம்பிப் பஞ்சாலை கட்டிய இடம் இது. ஷிப்டு முறையில், சுத்தமாக, கை நுணுக்கத்தோடு வேலை செய்யும் பழக்கம் இந்த ஊரின் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக உண்டு. திசு வளர்ப்புக் கூடத்தில் கத்தியும் இடுக்கியும் பிடித்து நாளெல்லாம் கணு வெட்டும் பணிக்கு வேண்டியது அந்தக் கை நுணுக்கமே.

அறிவுத்துணையும் தொலைவில் இல்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம் ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் அருட்தந்தை வி.எஸ்.மாணிக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளை ஆராய்ந்து, அரியவற்றைப் பெருக்கிக் காக்கும் மரபைத் தொடங்கிவைத்தார். 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டையில் இயங்குகிறது. நல்ல நன்னாரி எது, கலப்படம் எது என்று சொல்ல வேண்டிய இடம் அது. நன்னாரிக் கன்று உற்பத்தியை இவர்கள் கூடிப் பொதுப் பொறுப்பாக எடுத்துச் செய்வதே சரி. தனியார் நிறுவனங்கள் வாழையையும் அலங்காரச் செடிகளையும் நோக்கிப் போவது இயல்பு. லாபம் அங்கே இருக்கிறது. மெதுவாக விளையும் மூலிகை வேருக்கு அவர்கள் வரும்வரை பொத்தைகள் காத்திருக்காது.

இதற்கு ஒரு முன்னுதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-இல் தொடங்கப்பட்டது. அது 1986-இல் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16 ரகம் தமிழகம் முழுக்கப் பரவியது. அந்த மூன்று எழுத்தும் அம்பாசமுத்திரத்தின் பெயர்தான். அரசு நிலையம் ஒன்று பொறுமையாகத் தேர்ந்து கொடுத்த விதை, ஏழை உழவரின் கைக்குக் கட்டுப்படியாகும் விலையில் போய்ச் சேர்ந்தது. நன்னாரிக்கும் அப்படி ஒரு நிலையம் கேட்பது பேராசையல்ல. திசு வளர்ப்பின் செலவில் ஹார்மோனின் பங்கு மிகச் சிறியது. குளிரூட்டலுக்கும் விளக்குக்குமான மின்சாரமும் ஆட்கூலியும்தான் பெரியவை. ஆய்வக சுக்ரோசுக்குப் பதில் கடைச் சர்க்கரை, குழல்விளக்குக்குப் பதில் எல்.இ.டி., முடிந்த இடத்தில் பரவிய பகல் வெளிச்சம் என்று செலவைக் குறைக்கும் வழிகள் பலவும் கைகண்டவை.

கன்றுகள் முதலில் யாருக்கு என்பதிலும் தெளிவு வேண்டும். மயிலாறு, இஞ்சிக்குழி போன்ற குடியிருப்புகளில் வாழும் காணி மக்கள் இந்தச் செடிகளை அறிவியலுக்கு முன்பே அறிந்தவர்கள். அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் காணிகள் காட்டித்தந்த ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து 1990-களில் ஜீவனி என்ற மருந்து உருவானபோது, வருவாயில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டு, அதற்கென 1997-இல் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. குறைகள் இருந்தாலும் உலகம் எடுத்துக்காட்டாகப் பேசிய ஏற்பாடு அது. 2002-ஆம் ஆண்டின் உயிரிப் பன்மைச் சட்டம் அத்தகைய பங்கீட்டைச் சட்டக் கடமையாகவே ஆக்கியது. தாய்க்கொடிகளை அடையாளம் காட்டுபவர்களுக்கும், இதுவரை வேர் தோண்டிப் பிழைத்தவர்களுக்கும் முதல் கன்றுகளும், நாற்றங்கால் வேலையும், வேரை நேரடியாக வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தமும் போய்ச் சேர வேண்டும். தோண்டுபவரை விரட்டிவிட்டு இன்னொருவர் தோட்டத்தில் நன்னாரி போட்டால், பொத்தையில் தோண்டுவது இரவு வேலையாக மாறுமே தவிர நிற்காது.

வயலுக்கு வந்த நன்னாரி அதிகம் கேட்பதில்லை. தண்ணீர் தேங்காத செம்மண் அல்லது மணற்பாங்கான நிலம், படர ஒரு வேலியோ குச்சியோ, ஓரளவு நிழல். தென்னந்தோப்பில் ஊடுபயிராகவும் வரும். இரண்டு ஆண்டுகளாவது பொறுத்த பிறகே வேர் தோண்ட வேண்டும். அவசரப்பட்டால் வேரும் மெலிது, மணமும் மெலிது. தோண்டும்போது செடியைச் சுற்றி அகலமாக மண்ணை இளக்கி, தடித்த பக்கவேர்களை மட்டும் வெட்டி எடுத்து, தண்டின் அடிக்கட்டையையும் அதை ஒட்டிய சிறுவேர்களையும் விட்டு மண்ணை மூடினால் அதே கொடி மறுபடி தழைக்கும். எடுத்த வேரைக் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் மணம் காற்றோடு போய்விடும்.